மணமகள் கூந்தல் ஒப்பனைத் தேர்வு: சங்க வதுவை மரபும் மாமல்லபுரக் கடற்கரை வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

மணநாளில் மணமகளின் கூந்தலைப் பின்னுவதா, கொண்டையாக முடிப்பதா, விரித்து விடுவதா என்னும் வினா இன்று பல குடும்பங்களில் தலைமுறைகளுக்கிடையே பூசலாக முடிகிறது. பூச்சடையே தொன்மரபு என்றும், விரிகூந்தல் அமங்கலம் என்றும் மூத்தோர் கூறும் கூற்றுகளைச் சங்க இலக்கியம், தொல்காப்பியம், சிலப்பதிகாரம் ஆகியவற்றின் சான்றுகளோடும், செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைப் பகுதியின் சிற்பங்களோடும் மணவழக்குகளோடும் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இலக்கியச் சான்றுகள் ஒப்பனையின் வடிவத்தை வரையறுக்கவில்லை. கூந்தலின்மேல் நிகழும் சடங்குச் செயல்களையே வரையறுக்கின்றன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வதுவை, ஐம்பால், கூழை விரித்தல், சடை, கவரி முச்சி, தலைசாமான், மாசி மகம்

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பரில் செயற்படத் தொடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரை, கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எனப் பாலாற்று முகத்துவாரம் நோக்கி நீள்கிறது. திருமணத்தோடு நெடுநாள் தொடர்புடைய நிலம் இது. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற திருவிடந்தையில் இறைவன் பெயரே நித்தியகல்யாணப் பெருமாள். காலவ முனிவரின் 360 மகளிரை நாளொருத்தியாக மணந்து, இறுதியில் அனைவரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கத்தில் ஏற்றதால் ‘திரு இட எந்தை’ எனப் பெயர் வந்தது என்பது தலவரலாறு. மணமாகாதோர் இரு மாலைகளுடன் சென்று, ஒன்றைத் திரும்பப் பெற்று அணிந்து கோயிலை வலம்வந்து, மணமான பின் அம்மாலையுடன் மீண்டு வருவது இன்றும் நிலவும் வழக்கம். இக்கோயிலிலிருந்து சிறு தொலைவிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகள் தொடங்குகின்றன. கடலைப் பின்னணியாகக் கொண்ட திருமணங்களும் வரவேற்புகளும் அவற்றில் நடைபெறுகின்றன.

வடமாவட்டங்களில் முதல்நாள் மாலை வரவேற்பும் மறுநாள் விடியலில் முகூர்த்தமும் நடைபெறுவது பெருவழக்கு. ஆகவே ஒரே தலைமுடி ஓர் இரவுக்குள் இருவேறு ஒப்பனைகளைத் தாங்க வேண்டியிருக்கிறது. மாலையில் சுருட்டி விரித்த கூந்தல். காலையில் பூத்தைத்த சடை. முன்னதற்கு மணமகளின் விருப்பமும் பின்னதற்குக் குடும்பத்தின் விருப்பமும் ஆட்சி செய்கின்றன என்பது எழுதப்படாத உடன்படிக்கை போலாகிவிட்டது. அவ்வுடன்படிக்கை முறியுமிடத்தில்தான் ‘மரபு’ என்னும் சொல் சான்றாக அழைக்கப்படுகிறது. எந்த மரபு என்பதே இங்கு வினா.

வதுவைப் பாடல்களில் கூந்தல்

சங்க இலக்கியத்தில் மணச்சடங்கை விரிவாகக் காட்டுவன நல்லாவூர் கிழாரின் அகநானூறு 86ஆம் பாடலும் விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாடலும் ஆகும். தீவலம், அம்மி, தாலி ஆகியவை இவற்றில் இல்லை என்பது பலரும் எடுத்துக்காட்டியது. கூந்தல் இவற்றில் வகிக்கும் இடம் அத்துணைக் கவனம் பெறவில்லை.

86ஆம் பாடலில் மணல் பரப்பிய பந்தரில், இருள் அகன்ற காலையில், முதுபெண்டிர் குடத்திலும் அகலிலும் கொண்டுவந்து தர, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி மணமகளை வாழ்த்தி நீராட்டுகின்றனர். அந்நீரோடு சொரிந்த பூவிதழ்களும் நெல்லும் அவளது அடர்ந்த கதுப்பில் தங்கி விளங்குகின்றன. அதன்பின் வதுவை முடிந்தது என்று பாடல் செல்கிறது. மணத்தின் மையச்செயல் இங்குக் கூந்தலின்மேல் நிகழ்கிறது. வாழ்த்து ஒலியாகக் காற்றில் கரையாமல் ஈரமும் நெல்லுமாகத் தலையில் தங்குகிறது. ஆனால் அக்கதுப்பு பின்னப்பட்டதா, முடிக்கப்பட்டதா என்று புலவர் கூறவில்லை. நனைந்த கூந்தலில் நெல் தங்குவதற்கு அது இறுகப் பின்னப்பட்டிருக்க வேண்டிய தேவையுமில்லை.

136ஆம் பாடலில் வாகையிலையும் அறுகின் முகையும் கூட்டிய வெண்ணூல் மணமகளுக்குச் சூட்டப்படுகிறது. அந்நூலைத் தாலியின் முன்னோடியாகக் காண்போர் உளர். காப்புநூலாகக் கொள்வோரும் உளர். சூடுதல் என்னும் வினை பெரும்பான்மையும் தலைக்கும் கூந்தலுக்கும் உரியது என்பதை இவ்விவாதத்தில் கருத்திற் கொள்ளுதல் நன்று. பாடலின் பிற்பகுதி மேலும் பொருளுடையது. புத்தாடை முழுதும் போர்த்திய புழுக்கத்தால் மணமகளின் நெற்றி வியர்க்கிறது. காற்றுப் படும்படி சிறிது திறக்குமாறு தலைவன் வேண்டுகிறான். ஆடை நீங்கியவிடத்து அவள் நாணி, மலர் வேய்ந்த தன் கூந்தலின் இருளையே மறைவாகக் கொண்டு ஒளிகிறாள். உடலை மறைக்கும் அளவுக்குக் கூந்தல் அவிழ்ந்தும் தாழ்ந்தும் இருந்தாலன்றி இக்காட்சி அமையாது. மணநாள் இரவில் மலரணிந்த விரிகூந்தலுடன் நிற்கும் மணமகளைக் காட்டும் இப்பாடல், ‘மணப்பெண் கூந்தலை விரிக்கலாகாது’ என்னும் விதியைச் சங்க காலத்துக்கு ஏற்றிக் கூறுவோருக்கு உதவுவதாக இல்லை.

முல்லைக்கலியின் ஒரு பகுதியும் (கலித்தொகை 115) இங்கு எண்ணத்தக்கது. தலைவன் தந்த பூவைத் தலைவி கூந்தலுள் மறைத்து முடித்திருக்கிறாள். வெண்ணெய் பூசுவதற்காகத் தாய் கூந்தலை விரிக்க, பூ தாயின்முன் விழுந்துவிடுகிறது. தாய் எதுவும் கேளாமல், நெருப்பைத் தொட்டவள்போல் விலகிச் செல்கிறாள். பின்னர்ச் சுற்றத்தார் அவளை அவனுக்கே மணஞ்செய்விக்கத் துணிகின்றனர். ஒரு பெண்ணின் கூந்தலில் யார் கை படலாம், யார் தந்த பூ இருக்கலாம் என்பது அவளது மணவாழ்வையே தீர்மானிக்கும் செய்தியாக இருந்ததை இப்பாடல் காட்டுகிறது. இன்றைய ஒப்பனை அறையில் நிகழும் பூசலின் வேர் இவ்வளவு ஆழத்தில் உள்ளது.

முடித்தலும் விரித்தலும்

தமிழில் கூந்தலைக் குறிக்கும் சொற்கள் பல: ஓதி, கதுப்பு, கூழை, குழல், அளகம், முச்சி, ஐம்பால். இவற்றுள் ஐம்பால் என்பது ஐவகையாக முடிக்கப்படுவது என்னும் பொருளது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பது ஒரு பட்டியல். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பது மற்றொன்று. பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமையே, உரையாசிரியர்களும் நிகண்டாசிரியர்களும் தத்தம் கால வழக்கை நோக்கியே பொருள் கூறினர் என்பதற்குச் சான்றாகலாம். எண் நிலையானது, வடிவங்கள் மாறின. இவ்வைந்தில் ஒன்றை மணமகளுக்கே உரியதென எந்தப் பட்டியலும் ஒதுக்கவில்லை.

விரித்த கூந்தலின் பொருளும் ஒன்றன்று. புறநானூற்றில் கணவனை இழந்த மகளிர் கூந்தலைக் களைகின்றனர். மதுரைத் தெருவில் கண்ணகியின் அவிழ்ந்த கூந்தல் சினத்தின் குறி. தொண்டை மண்டலத்தின் திரௌபதியம்மன் திருவிழாக்களில் படுகளத்தன்று, துரியோதனனின் மண்ணுருவம் வீழ்ந்தபின் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. அதுவரை அவிழ்ந்திருப்பது தீராத வஞ்சினம். பாரதக் கூத்தைக் கண்டு வளர்ந்த இப்பகுதி மூதாட்டியர் வரவேற்பு மேடையில் விரிந்த கூந்தலைக் கண்டு துணுக்குறுவது வியப்பன்று. அவர்களது அச்சத்தைப் பிற்போக்கு என ஒதுக்குவது எளிது. அதற்குப் பின்னால் ஒரு நிகழ்த்துகலையின் நினைவு இருக்கிறது.

எனினும் மரபின் மறுபக்கமும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவியின் வேட்கை வெளிப்படும் மெய்ப்பாடுகளுள் ‘கூழை விரித்தல்’ என்பதை எண்ணுகிறது. தலைவனைக் கண்ட தலைவி தன் கூந்தலை அவிழ்ப்பதும், காதணி ஒன்றைக் களைவதும், அணிகளைத் தடவிச் சரிசெய்வதும், உடையைப் பெயர்த்து உடுப்பதும் அங்கே ஒருநிரலாக வருகின்றன. இங்கு விரிந்த கூந்தல் இழவையோ சினத்தையோ சுட்டவில்லை; விருப்பத்தைச் சுட்டுகிறது. அகமரபு விரிகூந்தலை விருப்பமாகவும் புறமரபு அதனை இழப்பாகவும் கண்டன எனப் பொதுவாகக் கூறலாம். மணநாள் அகத்துக்கு உரியதாயினும் ஊரறிய நிகழ்வதால், இருவகைப் பொருளும் அதன்மேல் மோதுகின்றன.

சிலப்பதிகாரத்தில் இருவேறு ஒப்பனைகள் எதிரெதிரே நிற்கின்றன. கடலாடு காதையில் கடற்கரைக்குப் புறப்படும் முன் மாதவியின் கூந்தல், பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரில் ஆட்டப்பட்டு, அகிற்புகையில் உலர்த்தப்பட்டு, வகைவகையாகப் பிரிக்கப்பட்டு, கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகிறது. தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் ஆகிய தலைக்கோலங்கள் அணியப்படுகின்றன. மனையறம்படுத்த காதையிலோ, புதிதாய் மணந்த கண்ணகியை நோக்கிக் கோவலன், உன் கூந்தலுக்குச் சில மலர்கள் போதுமே, மாலையையும் ஏன் ஏற்றினர் என்று ஒப்பனை செய்தோரைக் கடிகிறான். புதுமணமகளின் தலைச்சுமையைக் குறித்துத் தமிழில் எழுந்த முதற் குறைகூறல்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். அதைக் கூறியவன் பின்னர் எந்த ஒப்பனையை நாடிச் சென்றான் என்பதைக் காப்பியமே காட்டிவிடுகிறது. ஆடவரின் எளிமைப் பாராட்டை முழுவதும் நம்புவதற்கில்லை.

சடையும் சவுரியும்

இன்று மணமகள் ஒப்பனையின் உச்சமாகக் கருதப்படும் ‘சடை’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. சங்கப் பாடல்களில் அச்சொல் பெரிதும் சிவபெருமானுக்கும் தவசியர்க்கும் உரியது. ஒருகாலத்தில் மகளிர் மனங்கவர்ந்தவனாய் இருந்து பின் துறவு பூண்டவனின் நிறம்மாறிய சடையை மாற்பித்தியார் புறநானூறு 252இல் பாடுகிறார். மகளிர் கூந்தலைப் பின்னும் செயலுக்குப் ‘பின்னு’ என்னும் வேறு சொல் வழங்கியது. ஆக, பின்னும் வழக்கம் பழையது. அதற்குச் சடை என்னும் பெயர் பிந்தியது. துறவியின் தலையிலிருந்து இறங்கிய சொல் மணமகளின் முதுகில் பூத்தைத்து நிற்கிறது.

சவுரியின் நிலை இதற்கு மாறானது. நீளமில்லாத கூந்தலுக்குப் பொய்முடி சேர்ப்பது அண்மைக்காலச் செயற்கை என்று கருதப்படுகிறது. பதிற்றுப்பத்து 43ஆம் பாடல் மகளிர் கூந்தலைக் ‘கவரி முச்சி’ என்று குறிக்கிறது. கவரிமானின் மயிரைச் சேர்த்து முடித்த உச்சிக்கொண்டை என்பது அதற்குக் கொள்ளப்படும் பொருள். சவரி, சவுரி என்னும் சொற்களும் கவரியைக் குறிக்கும் சமரி என்னும் வடசொல்லோடு உறவுடையன. இவ்விளக்கத்தை ஏற்றால், பொய்முடி சேர்த்தல் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடையதாகிறது. இன்று அதற்குக் கவரிமான் தேவையில்லை. திருப்பதி முதலிய தலங்களில் நேர்த்திக்கடனாக இறக்கப்படும் முடி ஏலத்தில் விற்கப்பட்டுப் பொய்முடித் தொழிலுக்கு மூலப்பொருளாகிறது. ஒருத்தி இறைவனுக்குக் கொடுத்த கூந்தல் மற்றொருத்தியின் தலையில் ஏறுவதற்கு வழி இருக்கிறது.

கூந்தலின் அழகு இயற்கையா செயற்கையா என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதிதன்று. தருமிக்குப் பொற்கிழி அளித்த திருவிளையாடலில் நக்கீரர் எடுத்த வாதமே, மகளிர் கூந்தலின் மணம் பூவாலும் பூசுபொருளாலும் வருவது என்பதுதான். அவையில் அவருக்கு நேர்ந்தது எதுவாயினும், மணப்பெண் ஒப்பனைத் தொழிலில் இருப்போர் அவர் பக்கமே நிற்பர்.

கல்லிற் கண்ட கூந்தல்

மாமல்லபுரத்துச் சிற்பங்களை மணமகள் ஒப்பனைக்கு முன்மாதிரியாகக் காட்டும் போக்கு உண்டு. இதில் எச்சரிக்கை தேவை. ஆதிவராகக் குடைவரையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் எனப் பெயர் பொறித்த அரசர் இருவருள் முன்னவர் அமர்ந்தும் பின்னவர் நின்றும் தத்தம் தேவியருடன் காணப்படுகின்றனர். அத்தேவியரின் தலையில் உயர்ந்து குவிந்திருப்பது மகுடம் என்றே கொள்ளத்தக்கது; ஆயினும் அடுக்கி முடித்த கூந்தலிலிருந்தே அவ்வடிவம் வளர்ந்தது என்பதை மறக்கலாகாது. ‘முடி’ என்னும் ஒரே தமிழ்ச்சொல் மயிரையும் மகுடத்தையும் குறிப்பது தற்செயலன்று. கிருஷ்ண மண்டபத்தில் தலைச்சுமையுடன் நிற்கும் ஆய்ச்சியின் கூந்தலோ உழைப்புக்கேற்ப ஒதுக்கப்பட்டது. அரசியின் முடியும் ஆய்ச்சியின் முடியும் ஒரே கடற்கரையின் ஒரே காலப்பகுதிக் கல்லில் வேறுபடுகின்றன. ‘பல்லவர் காலக் கூந்தல்’ என ஒன்றைப் பொதுமைப்படுத்த இயலாது.

மேலும், இவை புடைப்புச் சிற்பங்கள். பார்ப்பவருக்கு முன்பக்கத்தை மட்டுமே காட்டுவன. முதுகிற் புரளும் பின்னல் இவற்றில் காணப்படாமையால் பின்னல் வழக்கில் இல்லை என்று முடிவு செய்வது பிழையாகும். பின்புறத்தை அறிய முழுவுருச் செப்புத் திருமேனிகளையே நாட வேண்டும். தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டுக் கலியாணசுந்தரர் தொகுதி 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் நாணித் தலைதாழ்ந்து நிற்கும் மணமகளான உமையும் மகுடமே அணிந்திருக்கிறாள். தெய்வ மணமகளுக்கு மகுடம் கட்டாயமாவதால் அவளது கூந்தலைச் சிற்பி காட்டும் வாய்ப்புக் குறைகிறது. அக்குறையைத் தமிழ்ப் பெயர் நிறைவு செய்கிறது: காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் பங்குனியில் மணக்கோலம் கொள்ளும் தேவிக்குப் பெயர் ஏலவார்குழலி.

இன்று மணமகள் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, சடைநாகம், குஞ்சம் ஆகியவை அடங்கிய தலைசாமானுக்கு இக்கடற்கரைச் சிற்பங்களைவிட நாட்டிய மேடையே நெருங்கிய உறவு. பரதநாட்டியக் கலைஞரின் கோலம் மணமகள் கோலத்தை ஒட்டியது. மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் நிகழும் நாட்டிய விழாவில் அக்கோலம் பல்லவர் கற்களின்முன் ஆடுவதால், இரண்டும் ஒரே காலத்தவை என்னும் மயக்கம் காண்போரிடையே உண்டாகிறது. நாட்டியம் மணக்கோலத்திலிருந்து எடுத்ததை மணமகள் இப்போது நாட்டியத்திலிருந்து திரும்பப் பெறுகிறாள் என்பதே பொருத்தமான விளக்கம்.

கடற்கரையில் இரு மணங்கள்

கடற்கரைத் திருமணம் அண்மைக்கால நாகரிகம் என்னும் எண்ணமும் திருத்தத்துக்குரியது. மாசி மகத்தையொட்டி வடமாவட்டங்களின் இருளர் மக்கள் மாமல்லபுரக் கடற்கரையில் திரளுகின்றனர். தற்காலிகக் குடில்கள் அமைத்துத் தங்கி, முழுநிலா நாளின் விடியலில் மணலில் படிகள் செய்து பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். குழந்தைகளுக்கு முடியிறக்குதல், காதுகுத்துதல், மணம் பேசுதல், தாலி கட்டுதல் ஆகிய அனைத்தும் அங்கேயே நிகழ்கின்றன. ஒருபுறம் முடி களையப்படுகிறது. சில அடி தொலைவில் மற்றொருத்தியின் முடியில் பூ ஏறுகிறது.

அகநானூறு 86இன் பந்தரில் மணல் கொண்டுவந்து பரப்பப்பட்டது. இங்கு மணல் இருக்குமிடத்துக்கு மணமக்கள் வருகின்றனர். விடியற்போதும், நீரும், மூத்த பெண்டிரின் கைகளும் இரண்டிலும் உள்ளன. இருளர் மணம் சங்க வதுவையின் நேர்வழித் தொடர்ச்சி என நிறுவுவதற்கு இவ்வொப்புமை மட்டும் போதாது. ஆனால் கடலோர மணத்துக்குரிய கூந்தல் ஒப்பனை எது என்று வினவுவோர் விடுதிகளின் விளம்பரப் படங்களை மட்டுமே நோக்குவதும், அதே மணலில் நெடுங்காலமாக மணந்துவரும் மக்களை நோக்காமல் விடுவதும் ஆய்வு நேர்மையாகாது. அங்கு அலங்கார நாற்காலியும் விளக்கு வளையமும் இல்லை. எண்ணெயும் சீப்பும் சரம் பூவும் உறவினரின் கையும் போதுமானவையாக இருக்கின்றன.

விடுதி மணங்களின் இடர் வேறு. பிற்பகலில் எழும் கடற்காற்று மாலை வரவேற்பு வேளையிலும் வீசிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் கூந்தலின் வடிவத்தைக் குலைக்கிறது. சூடேற்றிச் சுருட்டிய முடியின் சுருள், ஈரம் பட்டதும் பழைய நிலைக்கே திரும்பும் இயல்புடையது. அதனைத் தடுக்கத் தெளிக்கப்படும் ஸ்பிரே, இரவில் முடியைச் சிக்காக்குகிறது. மறுநாள் முகூர்த்தத்துக்கு முன் விடியலில் எண்ணெய் வைத்துத் தலைமுழுக வேண்டும். நனைந்த முடி உலர்வதற்கும் நேரமில்லை. மாதவிக்கு அகிற்புகை செய்த பணியை, அண்மைக்காலம்வரை வீடுகளில் சாம்பிராணிப் புகை செய்தது. இன்று மின்னுலர்த்தி செய்கிறது. இருநாள் ஒப்பனையையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பதால் வரும் சிக்கல் இது. மாலை ஒப்பனை காலை ஒப்பனைக்கு இடந்தருவதாக அமைய வேண்டும் என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் முந்தைய நள்ளிரவில்தான் உணர்கின்றன.

பூவின் நேரமும் கருதத்தக்கது. மல்லிகை காலையில் அரும்பாகப் பறிக்கப்பட்டு மாலையில் மலர்வது. மாலை வரவேற்புக்கு அது உரிய பூ. விடியல் முகூர்த்தத்தில் அதே சரம் மலர்ந்து தளர்ந்திருக்கும். கனகாம்பரம் மணமற்றதாயினும் எளிதில் வாடுவதில்லை. பூச்சடையில் அதன் நிறம் இடம்பெறுவதற்கு அழகோடு இதுவும் காரணம். வாழைப்பட்டையின்மேல் அரும்புகளை ஊசியால் தைத்துச் சடையோடு பொருத்தும் முறையில் பட்டையின் ஈரம் பூவைக் காக்கிறது. நெய்தல் நிலத்துக்கே உரிய தாழையின் மடலை மடித்துச் சடையில் வைத்துப் பின்னும் பழக்கமும் இருந்தது. கடற்கரை மணம் என்று பெயர் கொண்டு, அக்கடற்கரையின் பூவை மட்டும் கைவிட்டிருப்பது ஒரு முரண்.

பிடரியும் முடிச்சும்

வடிவத்தை மரபு விதிக்கவில்லையெனின், தேர்வுக்கு அடிப்படை யாது? சடங்கின் செயல்களே அதற்கு விடை தருகின்றன. தாலியின் முடிச்சு பிடரியில் விழுகிறது. முதல் முடிச்சை மணமகனும் எஞ்சியவற்றை அவன் உடன்பிறந்தாளும் இடும் வழக்கில், அந்த நாத்தனாரே மணமகளின் சடையைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. சடை முதுகில் தொங்குவதால் அதனை ஒரு கையால் ஒதுக்க முடியும். பிடரியிற் படிந்த தாழ்ந்த கொண்டையை ஒதுக்க முடியாது. முடிச்சு அதற்குள் சிக்குகிறது. ஆண்டாள் கொண்டை ஒருபக்கமாகச் சரிந்து உயர்ந்து நிற்பதால் இவ்விடர் அதற்கில்லை. விரிகூந்தலில் முடிச்சோடு முடியும் சேர்ந்து இறுகிவிடும். தாலி கட்டும் வேளையில் அது பொருந்தாமைக்கு அமங்கலம் காரணமன்று, நூல் காரணம். மாலை மாற்றும்போது கனத்த மாலை தலைவழியே இறங்குவதும், நெற்றியிற் கட்டும் பட்டத்தின் நூல் தலையைச் சுற்றிப் பின்னே முடியப்படுவதும், உச்சி உயர்ந்த ஒப்பனைகளுக்கு இடையூறாகின்றன. கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் மணக்கும் கிறித்தவ மணமகளுக்குக் கொண்டை பொருந்துவதும் இத்தகைய காரணத்தாலேயே: வலைத்துகிலைப் பற்றி நிறுத்த ஒரு பிடிப்பு வேண்டும்.

சட்டத்தின் நோக்கில் கூந்தலுக்கு எந்த இடமும் இல்லை. 1967ஆம் ஆண்டுத் தமிழகத் திருத்தத்தின் வழி, சீர்திருத்த மணத்தில் மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்றே போதுமானதாயிற்று. ஆயினும் முடி குறைந்த மணமகளை, நோயால் முடியிழந்தவளை, மறுமணம் செய்துகொள்பவளைச் சட்டம் ஒன்றும் கேட்பதில்லை, உறவினர் கேட்கின்றனர். இறுதியாகக் கூறப்பட்டவளுக்குப் பூவை மறுத்த வழக்கம் அண்மைக்காலம்வரை நிலவியது. பிறந்தது முதல் ஒரு பெண் சூடும் பூவைக் கணவன் தந்ததாகக் கணக்கெழுதும் அவ்வழக்கத்துக்கு அகநானூற்று வதுவைப் பாடல்களில் இடமில்லை. 86ஆம் பாடலில் பூவையும் நெல்லையும் சொரிபவர்கள் பெண்களே.

தோளளவில் வெட்டிய கூந்தலுடன் மணமேடைக்கு வரும் பெண்ணுக்குச் சவுரி கட்டாயமா என்பது ஒப்பனையாளர்களிடம் இன்று மிகுதியும் எழும் வினா. கவரி முச்சி அவள் விரும்பினால் சவுரி சேர்ப்பதற்குச் சான்று தருகிறது. சேர்த்தே ஆகவேண்டும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. முடிச்சுக்கு வேண்டிய பிடரி அவளுக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அரிசி விழுவதற்கு உச்சி போதும். ஒரு முழம் பூவுக்கு இரண்டு கொண்டையூசி போதும்.